வடைக்கல்லில் விழுந்த விரிசல்

அந்தச் சிற்பத்துக்கு மாணவர்கள் வைத்த பெயர் வடை. இரண்டு மீட்டர் குறுக்களவுள்ள கருங்கல் வட்டம், முழங்கால் உயரப் பீடத்தின்மேல் நிமிர்ந்து நிற்கிறது. கிழக்குப் பக்கம் நின்று பார்த்தால் ஓட்டை நடுவில் இருக்காது, இடப்பக்கம் ஒரு சாண் தள்ளியிருக்கும். கையால் தட்டிப் போடும் மெதுவடையிலும் ஓட்டை நடுவில் விழுவதில்லை என்பதால் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. "வடைகிட்ட நில்லுடா, வந்துடறேன்" என்றால் அந்த வளாகத்தில் எல்லாருக்கும் இடம் புரியும். காவலாளிக்கு அது ஓட்டைக்கல். எஸ்டேட் பிரிவின் பதிவேட்டில் 'கல் சிற்பம், எண்ணிக்கை 1'. செய்த சிற்பி தலைப்பே வைக்கவில்லை.

இடம், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில், கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம். நான் புதுச்சேரியில் பழைய கட்டடங்களையும் கல்வேலைகளையும் பழுது பார்த்துப் பிழைப்பவன். 2025 ஜனவரிக் கடைசியில் அங்கிருந்து அழைப்பு வந்தது.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வானூர், திண்டிவனம் பக்கத்துக் குவாரிகளில் எடுக்கிற கருப்பு கிரானைட் அது. வியாபாரத்தில் கிரானைட் என்றாலும் பாறையியலில் அதன் பெயர் டோலரைட். பூமிக்குள் வெடிப்புகளில் ஏறி உறைந்த எரிமலைக் குழம்பு. கிரானைட்டைவிடக் கனம், கன மீட்டருக்கு ஏறத்தாழ 3 டன். நம் வட்டம் ஒரு கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆக இரண்டரை டன் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் 40 செ.மீ. தடிமன், விளிம்புக்குப் போகப்போக மெலிகிறது. கிழக்கு முகம் கண்ணாடிபோல மெருகு, மேற்கு முகம் உளி பொளிந்த தடத்தோடு அப்படியே. காலை வெயில் மெருகில் விழும்போது எதிரே இருக்கும் புங்கமரம் கல்லுக்குள் தெரியும். மத்தியானம் அதில் கை வைக்க முடியாது.

எந்த உருவத்தையும் காட்டாத அரூபச் சிற்பம் என்றால் 'இதுக்கு என்ன அர்த்தம்' என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவது நம்மிடம் வழக்கம். இங்கே யாரும் அர்த்தம் கேட்டதாகத் தெரியவில்லை. ஓட்டை வழியே கை குலுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், மழைக்கு அதன் மேற்குப் பக்கம் ஒதுங்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் யாரோ ஓட்டைக்குள் அகல்விளக்கு வைத்துக் குங்குமமும் இட்டுக்கொண்டிருந்தார்கள்.

புகார்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கும் மேல் மழை. தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து, பீடத்தின்மேல் காவி நிறத்தில் இரண்டு கோடுகள் வழிந்திருப்பதைத் தோட்டப் பணியாளர் ஒருவர் பார்த்தார். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது வட்டத்தின் கிழக்கு முகத்தில், வலப்பக்கம், பீடத்தோடு சேரும் இடத்திலிருந்து மேல்நோக்கி ஒரு மயிரிழை விரிசல். நான் அளந்தபோது நீளம் 38 செ.மீ., அகலம் 0.3 மி.மீ. இருந்தது.

நான் போவதற்குள் ஆளாளுக்கு ஒரு குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

பொறியாளர் புயலைச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மணிக்கு 90 கி.மீ. வேகக் காற்று அந்த வட்டத்தைத் தள்ளும் விசை நூறிலிருந்து நூற்றைம்பது கிலோ எடை அளவுதான் வருகிறது. இரண்டரை டன் கல்லை அது சாய்க்காது. சாய்க்கப் பார்த்திருந்தாலும் விரிசல் இந்த இடத்தில் இந்தத் திசையில் விழுந்திருக்காது. பேராசிரியர் ஒருவர், ஓட்டைக்குள் நுழைந்து ரீல்ஸ் எடுக்கும் பையன்கள்மேல் கோபமாக இருந்தார். அறுபது கிலோ பையன் ஏறி உட்கார்ந்தால் கல்லுக்கு அது காக்கை உட்கார்ந்த மாதிரி. அடுத்து விளக்கு. எண்ணெய்க் கறை இருந்தது, உண்மை. ஆனால் கறை ஓட்டையில், விரிசல் அடியில்.

கடல் காற்று என்ற சந்தேகத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. உப்புக்காற்று கல்லைத் தின்னும். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் சாட்சி. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராஜசிம்மன் எடுத்த கோயில் அது. கடலைப் பார்த்த சிற்பங்களில் பல, முகம் எது முதுகு எது என்று தெரியாத அளவுக்குக் கரைந்திருக்கின்றன. காற்றைத் தடுக்கச் சவுக்குத் தோப்பே போட்டார்கள். ஆனால் உப்பு தின்னும் விதம் வேறு. கல்லின் துளைகளில் புகுந்து காயும்போது படிகமாகி, மேல்தோலை மணல்மணலாக உதிர்க்கும். மொத்த முகமும் மழுங்கும். நம் கல்லில் மெருகு கலையாமல் இருக்க, அடியில் மட்டும் ஒற்றைக் கோடு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் தூண்கள் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவந்தவை. அலைச் சாரலுக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றும் அவற்றில் இப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை.

என் முதல் அறிக்கை

அது தப்பு. எப்படித் தப்பாயிற்று என்று சொல்லாமல் இந்த ஆய்வை எழுதுவதில் பயனில்லை.

துரு வழிகிறதென்றால் இரும்பு எங்கோ இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டும் கருவி ஒன்று உண்டு, ரீபார் லொகேட்டர் என்பார்கள். அதைக் கல்லின்மேல் வைத்தேன். அடியில் கத்தியது. சரி என்று மேலே கொண்டுபோனேன், அங்கேயும் கத்தியது. ஓட்டையைச் சுற்றி, விளிம்பில், எங்கே வைத்தாலும் கத்தல். கல் முழுவதுமே இரும்புச் சத்து, அதில் பைரைட் மாதிரி ஏதோ கனிமம் காற்றுபட்டுத் துருப்பிடிக்கிறது என்று முடிவு கட்டி, 'கல்லின் இயற்கைக் குறை' என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

டோலரைட்டில் மேக்னடைட் இருக்கும் என்பதை நான் மறந்திருந்தேன். அது காந்தக் கனிமம். கருவி காட்டியது கல்லையேதான், உள்ளே தனியாக ஏதாவது இருந்தால் அந்தக் கூச்சலில் அது அமுங்கிப்போகும். துரு இரண்டே இடத்தில், அதுவும் இணைப்பிலிருந்து மட்டும் ஏன் வழிய வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கனிமத் துரு என்றால் அம்மைத் தழும்பு மாதிரி கல் முழுக்கப் புள்ளிபுள்ளியாக அல்லவா வரும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர், நான் வேறு வேலைக்காக மாமல்லபுரத்திலிருந்து அழைத்துவந்த வயதான ஸ்தபதி. போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று கூட்டிப்போனேன். அவர் கல்லைச் சுற்றி வரவில்லை. விரிசலுக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். சிற்ப மரபில் கல்லை ஓசையால் தேர்வார்கள். மணிபோல ஒலித்தால் ஆண் கல், தாளம்போல ஒலித்தால் பெண் கல், ஓசை எழும்பாதது மூன்றாம் வகை. நம் வட்டம் மேலே கணீரென்றது. விரிசலுக்கு வலப்புறம், அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரைக்கும் மட்டும் பொத்தென்று கேட்டது.

"கல்லு நல்ல கல்லு தம்பி. உள்ள தேரை இருக்கு" என்றார்.

கல்லுக்குள் தேரை இருந்தால் சிலைக்கு ஆகாது என்று சிற்பிகள் சொல்வதுண்டு. அது குவாரியிலேயே தெரிந்திருக்குமே ஐயா என்றேன். "இது பொறந்த தேரை இல்ல. வச்ச தேரை. அடியில என்ன முளை போட்டிருக்காங்க?"

கோப்பில் அதற்குப் பதில் இல்லை. திறப்பு விழாப் படங்கள் இருந்தன, தேநீர்ச் செலவுக்கு ரசீதுகூட இருந்தது. பீடத்தோடு வட்டத்தை எப்படிப் பொருத்தினார்கள் என்று ஒரு கோடு வரையப்படவில்லை. சிற்பியைத் தொலைபேசியில் பிடித்தேன். பதினைந்து வருடத்துக்கு முந்தைய சிற்ப முகாம் அது. அவர் நினைத்திருந்தது, பீடத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி எடுத்து வட்டத்தின் அடியை அதில் இறக்கிவிடுவது. குழி எடுக்க நாள் போதவில்லை. மறுநாள் பெரிய மனிதர் ஒருவர் வந்து திறக்கப் போகிறார். ஒப்பந்தக்காரர் அடியைச் சமமாக வெட்டச் சொல்லி, துளை போட்டு, கட்டட வேலைக்கு வைத்திருந்த சாதாரண எம்.எஸ். (துருப்பிடிக்கும் சாதா எஃகு) கம்பியை இறக்கி, சிமெண்டுப் பாலை ஊற்றி, இரவோடு இரவாக நிறுத்திவிட்டார். "எனக்கு மனசே இல்லை சார்" என்றார் சிற்பி. அதற்குப் பிறகு அவர் அந்த வளாகத்துக்கு வரவில்லையாம்.

நுரை

இரும்பு துருப்பிடித்தால் அந்தத் துரு, முன்னிருந்த இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கல்லுக்குள் இடம் ஏது? தள்ளும், கல் பிளக்கும். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் 1898-லிருந்து 1933 வரை பலானோஸ் என்ற பொறியாளர் இரும்புப் பட்டைகளால் பளிங்குத் துண்டுகளைக் கோத்தார். அவை துருப்பிடித்து, கோத்த கற்களையே உடைத்தன. 1975-க்குப் பிறகு எல்லாவற்றையும் கழற்றி டைட்டானியம் போட வேண்டியதாயிற்று. பழைய கிரேக்கர்களும் இரும்புதான் வைத்தார்கள், ஆனால் அதைச் சுற்றி ஈயம் உருக்கி ஊற்றி வைத்தார்கள்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. சிமெண்டுக்குள் புதைந்த இரும்பு அவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரம் அதைக் காக்கும். கான்கிரீட் கட்டடங்கள் நிற்பதே அதனால்தான். இங்கே காவல் எப்படிப் போனது?

பதில் சொன்னவர் துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர். எண்ணெய்க் கறையை எப்படித் துடைப்பீர்கள் என்று சும்மாதான் கேட்டேன். "பட்டமளிப்பு விழாவுக்கு முன்னாடி ஆசிட் ஊத்திக் கழுவுவோம் சார். மேஸ்திரி அப்படித்தான் சொல்லியிருக்காரு. மேல ஊத்துனா ஒண்ணும் ஆவாது. அடியில அந்த சந்துல நல்லா நுரைக்கும். அழுக்கு போவுதுன்னு நெனச்சுக்குவோம்."

டோலரைட்டில் ஆசிட் பட்டால் நுரைக்காது. நுரைத்தது இணைப்பைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டு. கழிப்பறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, பதினைந்து வருடமாக அந்தச் சந்தில் இறங்கியிருக்கிறது. சிமெண்டின் காரத்தை அது தின்றது. தின்றதோடு விடாமல், இரும்புக்கு எமனான குளோரைடையும் கையோடு உள்ளே கொண்டுபோனது. பீடத்தின் மேற்பரப்பு லேசாகக் குழிந்த மெருகு வேறு. மழைநீர் வடியாமல் இணைப்பைச் சுற்றியே தேங்கும்.

அந்த அக்காவின் மேல் ஒரு குறையும் இல்லை. அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் விரிசல் வளர்கிறதா என்று பார்க்கத் தாவரவியல் துறையிலிருந்து மைக்ராஸ்கோப் சிலைடுகள் வாங்கி, விரிசலின் குறுக்கே இரண்டை ஒட்டினோம். வெயில் சூட்டிலேயே கண்ணாடி உடைந்துவிட்டால் ஏமாந்துபோவோமே என்று, விரிசல் இல்லாத இடத்திலும் ஒன்றை ஒட்டினோம். ஏழு வாரத்தில் விரிசல்மேல் இருந்ததில் ஒன்று உடைந்தது. நல்ல கல்லில் ஒட்டியது அப்படியே இருந்தது. எடுத்துப் பார்க்காமல் முடியாது என்று அப்போது எழுதிக் கொடுத்தேன். முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகவும் அதிலேயே எழுதினேன்.

தூக்கியபோது

மே மாத விடுமுறையில் செய்தோம். இரும்புக் குழாய் முக்காலி, ஐந்து டன் தூக்கும் செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பி, ஓட்டை வழியே நுழைத்த அகலமான நைலான் பெல்ட். பெல்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் சாக்கும் தென்னை நாரும். சுற்றுப் பூச்சை உளியால் எடுத்த பிறகு ஒரு மணி நேரம் கல் அசையவில்லை. ஸ்தபதி இரண்டு பக்கமும் மர ஆப்புகளை மாற்றி மாற்றி, நான்கைந்து அடி மட்டும் தட்டி இறக்கினார். பன்னிரண்டே காலுக்குக் கருப்பாக ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் ஒரு விரல் இடைவெளி.

நான் எதிர்பார்த்தது ஒரு கம்பி, நடுவில். இருந்தவை இரண்டு. ஓட்டை இடப்பக்கம் இருப்பதால் கல்லின் பாரம் வலப்பக்கம் சாய்கிறது. அதை உணர்ந்த யாரோ, பயத்தில், வலப்பக்கம் இன்னொரு 25 மி.மீ. கம்பியைச் சேர்த்திருக்கிறார்கள். அதை இறக்கிய இடம் கிழக்கு முகத்திலிருந்து ஆறே செ.மீ. உள்ளே. நடுக்கம்பிக்குச் சுற்றிலும் கனமான கல் இருந்ததால் அது துருப்பிடித்தும் பிளக்க முடியவில்லை. ஓரத்துக் கம்பி மெலிந்த பக்கத்தைத் தள்ளியிருக்கிறது. கம்பியைச் சுற்றித் துரு ஏடு ஏடாக, பனங்கிழங்குத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

துளையிலிருந்து சுரண்டிய சிமெண்டுத் தூளை வேதியியல் துறை மாணவிகள் சோதித்தார்கள். பினாப்தலீன் விட்டால் காரமுள்ள சிமெண்டு இளஞ்சிவப்பாகும். நடுத்துளையின் ஆழத்துத் தூள் சிவந்தது, ஓரத்துளையின் தூள் வெளுத்தபடியே இருந்தது. சில்வர் நைட்ரேட் விட்டதும் ஓரத்துளைக் கரைசல் மோராகத் திரிந்தது, குளோரைடு. இதில் கடல் காற்றின் பங்கும் கொஞ்சம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு ஆழத்துக்குச் சிமெண்டின் காரத்தைக் காற்று இந்த வேகத்தில் கழுவாது.

மறுபடி நிறுத்தியது

ஸ்தபதியிடம் அஷ்டபந்தனம் வைக்கலாமா என்று கேட்டேன். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் இந்த எட்டையும் இடித்து, கோயிலில் மூர்த்தியையும் பீடத்தையும் சேர்க்கும் மருந்து. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை குடமுழுக்கில் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்துவார்கள். "அது கருவறை மருந்து தம்பி, வெயில் மருந்து இல்ல" என்று சிரித்தார். கருங்கல் மத்தியானம் சுடுகிற சூட்டில் மெழுகும் வெண்ணெயும் நிற்காதுதான். ஆனாலும் அந்த மருந்தில் இருக்கிற யோசனையை நான் விடவில்லை. இணைப்பு கல்லைவிட இளக்கமாக இருக்க வேண்டும், திரும்பக் கழற்ற முடிய வேண்டும்.

ஓரத்துளையை இனிப் பயன்படுத்துவதில்லை என்று மூடினோம். விரிசலுக்குள் தண்ணீர்போல இளகிய எபாக்ஸிப் பசையை ஊசியால் ஏற்றினோம். நடுத்துளையில் எஸ்.எஸ். 316 என்ற ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி. இதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் கடலோர உப்பை 304 என்ற சாதாரண ரகத்தைவிட நன்றாகத் தாங்கும். கம்பியைப் பீடத்தில் மட்டும் ஒட்டினோம். மேற்கல்லில் அது ஒரு உறைக்குள் சும்மா நுழைந்து நிற்கிறது, நாளைக்கு யாராவது தூக்க நினைத்தால் தூக்கலாம். இரண்டு கல்லுக்கும் நடுவில் 3 மி.மீ. ஈயத் தகடு. பீடத்தின் குழிவில் தேங்கும் தண்ணீர் வெளியேற மேற்குப் பக்கம் விரல் அகலத்தில் ஒரு வாய்க்கால். அதை உளியால் எடுத்தவர் ஸ்தபதி. இயந்திரம் வேண்டாம் என்றுவிட்டார்.

எண்ணெய்க் கறைக்குப் பற்று போட்டோம். வீக்கத்துக்குப் போடுகிற மாதிரியேதான். வெண்களிமண்ணை அசிட்டோனில் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாள் மூடி, மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டு உதிர்த்தால் களிமண் எண்ணெயைக் குடித்துக்கொண்டு வரும். மூன்று பற்றில் கறை பெரும்பாலும் போனது. ஆசிட் பட்டு மெருகு வெளுத்த திட்டுகளை விட்டுவிட்டேன். திரும்ப மெருகேற்றினால் சிற்பி செய்த வளைவைத் தொட வேண்டிவரும்.

நிர்வாகம் சுற்றிலும் கம்பி வேலி போட நினைத்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக் நூலகத்தில் இசாமு நொகுச்சி என்ற சிற்பி 1960-களில் செய்த பளிங்குத் தோட்டம் ஒன்று உண்டு. ஒரு வட்டம், ஒரு பிரமிடு, ஒரு கனசதுரம். நம் ஊர் ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வுக் கூடத்தைப் பார்த்த தாக்கம் அதில் உண்டு. பள்ளமான முற்றத்தில் கிடக்கும் அதைக் கண்ணாடி வழியேதான் பார்க்க முடியும், உள்ளே நடமாட்டம் இல்லை. ஆனால் அது தள்ளி நின்று பார்ப்பதற்கென்றே செய்தது. நம் வட்டத்தின் ஓட்டையோ தோள் நுழையும் அளவு பார்த்து வெட்டியது. தொடக் கூடாதென்றால் அதைச் செய்திருக்கவே வேண்டாம். வேலி வராமல் தடுத்துவிட்டோம். விளக்கு வைப்பவர்களுக்குப் பக்கத்திலேயே புங்கமரத்தடியில் ஒரு தட்டையான கல்லைப் போட்டோம். பாதிப் பேர் அங்கே மாறினார்கள்.

விழுப்புரம் பக்கம் உடையார்நத்தத்தில் பெருங்கற்கால மனித உருவக் கல் ஒன்று நிற்கிறது. கையை விரித்த மாதிரி ஒரு பலகைக்கல், முகமும் கிடையாது, விவரமும் கிடையாது. நம்மிடம் அரூபச் சிற்பம் எப்போது வந்தது என்று கேட்பவர்களை நான் அங்கே அனுப்புவேன். இரும்பை நன்றாகக் கையாண்ட காலத்து ஆட்கள் நிறுத்தியது அது. கல்லுக்குள் அவர்கள் இரும்பு வைக்கவில்லை, அடியை மண்ணுக்குள் இறக்கி நிறுத்தினார்கள். வேலை முடிந்து திரும்பும்போது இதைச் சொன்னேன். "அவங்களுக்கு மறுநாள் திறப்பு விழா இல்லியே" என்றார் ஸ்தபதி.

கோப்பில் இப்போது நான்கு தாள்கள் கூடியிருக்கின்றன: இணைப்பின் குறுக்குவெட்டு வரைபடம், எடை, தூக்கும் முறை, கழுவும் முறை. 2025 ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். பீடத்தில் காவிக் கோடு இல்லை. புதிதாக ஒட்டிய இரண்டு சிலைடுகளும் முழுசாக இருந்தன. வாய்க்காலில் புங்க இலை அடைத்திருந்தது, கையால் தள்ளிவிட்டேன். துப்புரவு அக்கா வாளியோடு வந்து நின்றார்.

"சோப்பு எது வாங்கணும் சார்? துணி சோப்பா, பாத்திர சோப்பா?"

காரமில்லாத சோப்புநீர், தென்னை நார் பிரஷ், அப்புறம் நிறையத் தண்ணீர் என்றேன். பிரஷ் ஸ்டோரில் கிடைக்காது, எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தேன்.